பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஓட்டும்போது: எது குணம், எது கோளாறு?

முதல்சாவி (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். இதுவரை நான் ஓட்டியதெல்லாம் பவர் ஸ்டீயரிங், ஏபிஎஸ் என எல்லாம் உள்ள இன்றைய கார்கள். இப்போது 1966ஆம் வருட எம்ஜிபி ரோட்ஸ்டர் (கூரை திறக்கும் பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்) ஒன்று கைக்கு வந்திருக்கிறது. 1798 சிசி இன்ஜின், இரண்டு எஸ்யூ கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் பகுதி; எஸ்யூ அதன் பிராண்ட்), ஸ்போக் வீல், ஓவர்டிரைவும் (அதே வேகத்தில் இன்ஜின் சுழற்சியைக் குறைக்கும் கூடுதல் கியர்) உண்டு. பெரிய பழுது எதுவும் இல்லை என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். ஆனால் ஓட்டும்போது காதுக்கும் மூக்குக்கும் கைக்கும் வந்து சேர்கிற சங்கதிகளில் எதை ரசிப்பது, எதற்குப் பயப்படுவது என்று பிடிபடவில்லை.

நினைவுக்கு வந்த வரிசையில் எழுதுகிறேன். சாவியைத் திருப்பியதும் பின்பக்கம் டக்டக்டக் என்று ஒரு சத்தம், அப்புறம் நின்றுவிடுகிறது. ஓட்டிவிட்டு நிறுத்தினால் கொஞ்ச நேரத்தில் பெட்ரோல் வாடை. இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது கிளம்பினால் இரண்டாம் கியர் விழ மறுக்கிறது. சிக்னலில் நிற்கும்போது இண்டிகேட்டர் மெதுவாக அடிக்கிறது; ஆக்சிலேட்டரைத் தொட்டால் சுறுசுறுப்பாகிவிடுகிறது. பிரேக் பெடல் கல்லாக இருக்கிறது. நிறுத்தும் இடத்தில் ஸ்டீயரிங்கைத் திருப்பத் தோள் வலிக்கிறது, ஓடத் தொடங்கியதும் விரலால் திருப்பலாம். 90 கிலோமீட்டர் வாக்கில் அதே ஸ்டீயரிங் நடுங்குகிறது. முழங்காலுக்குக் கீழே எப்போதும் சூடு.

இதில் எதையெல்லாம் அப்படியே விட்டுவிடலாம்?

---

கிரீஸ்கை

நான் பட்டறைக்காரன். ரசனையைப் பிறகு பார்ப்போம். தினமும் ஒரே மாதிரி இருக்கிற வினோதம் பெரும்பாலும் வண்டியின் குணம். நேற்று இல்லாதது இன்று வந்தாலோ, நேற்றைவிடக் கூடியிருந்தாலோ அது கோளாறு. முதல் சில மாதங்களுக்கு உங்கள் வேலை இதுதான்: எது எப்போதும் இருக்கிறது என்று காதிலும் காலிலும் பதியவைத்துக்கொள்ளுங்கள்.

டக்டக் சத்தம் எஸ்யூ எலெக்ட்ரிக் பெட்ரோல் பம்ப். உள்ளே இருக்கும் டயாஃப்ரத்தைக் காந்தச் சுருள் இழுத்து விடும்; ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு டக். கார்புரேட்டரின் மிதவை அறை நிரம்பியதும் ஊசி வால்வு மூடும், பம்ப் ஓயும். இன்ஜினை ஓட்டாமல் சாவியை மட்டும் போட்டுக் கேளுங்கள். சில தட்டலில் நின்றால் எல்லாம் சரி. நின்ற பிறகும் அவ்வப்போது ஒரு டக் வந்தால் எங்கோ பெட்ரோல் நழுவுகிறது: ஊசி வால்வு சரியாக மூடவில்லை, அல்லது பம்ப் வால்வு வழியே திரும்பிப் போகிறது, அல்லது வெளியே கசிகிறது. நிற்காமல் வேகமாக அடித்தால் டேங்க் காலி, இல்லையேல் உறிஞ்சும் பக்கக் குழாயில் காற்று புகுகிறது. இன்றைய கார்களில் பெட்ரோல் பம்ப் டேங்குக்கு உள்ளேயே மூழ்கிக் கிடப்பதால் உங்களுக்கு இந்தச் சத்தம் பழக்கமில்லை.

நிறுத்திய பிறகு வரும் வாடைக்குக் காரணம் அந்த இன்ஜினின் அமைப்பு. இன்லெட்டும் எக்ஸாஸ்டும் ஒரே பக்கம். வண்டி நின்றதும் காற்றோட்டமும் நின்றுவிடும். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் சூடு மேலேறி மிதவை அறையில் இருக்கும் பெட்ரோலைக் கொதிக்கவைக்கும். அந்த அறை வெளிக்காற்றுக்குத் திறந்தது. இன்ஜெக்ஷன் கார்களில் பெட்ரோல் அழுத்தத்தில் அடைபட்டிருக்கும், ஆவி கரித்துகள் டப்பாவுக்குப் போகும். போதாததற்கு எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோல் எளிதில் ஆவியாகிறது. சூடாக நிறுத்திக் கால் மணி நேரம் கழித்து ஸ்டார்ட் செய்தால் இன்ஜின் முரண்டு பிடிப்பதும் இதனால்தான்.

ஆனால் ஓடும்போது பெட்ரோல் வாடை வந்தால் குணம் என்று சொல்லி ஒதுக்காதீர்கள். எத்தனால் பழைய ரப்பர் குழாய்களை இளக்கிவிடும். எத்தனாலைத் தாங்கும் வகைக் குழாய்களாக மாற்றியிருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள். அதுவரை ஒரு தீயணைப்பான் இல்லாமல் வண்டியை எடுக்க வேண்டாம்.

இரண்டாம் கியர்: எண்ணெய் குளிர்ந்து கெட்டியாக இருக்கும்போது சின்க்ரோ வளையம் (பற்சக்கரங்களின் வேகத்தைச் சமப்படுத்துவது) எண்ணெய்ப் படலத்தை அறுத்துக் கூம்புப் பரப்பைப் பிடிக்க நேரமாகும். சில கிலோமீட்டர் பொறுங்கள், அல்லது டபுள் கிளட்ச் போடுங்கள் (நியூட்ரலுக்கு ஒருமுறை, கியருக்கு ஒருமுறை என இரண்டு தடவை கிளட்ச் மிதிப்பது). உங்கள் மாடலில் முதல் கியருக்கு சின்க்ரோவே கிடையாது. 1967 இறுதியில் வந்த மார்க் 2 முதல்தான் நான்குக்கும் உண்டு. வண்டி முழுதாக நின்ற பிறகு முதல் கியர் போடுங்கள்.

கல்லான பெடல் நல்ல செய்தி. சர்வோ (மிதிக்கு உதவும் பூஸ்டர்) இல்லாததால் உங்கள் கால்பலம் மட்டுமே வேலை செய்கிறது. பெடல் பஞ்சுபோல் அமுங்கினால்தான் பிரேக் குழாயில் காற்று புகுந்திருக்கும். காலை எடுத்த பிறகும் பிரேக் பிடித்தபடி இருந்தால் ரப்பர் ஹோஸ் உள்ளே வீங்கி அடைத்திருக்கும்.

நடுக்கத்துக்கு இன்னும் விவரம் வேண்டும். எந்த வேகத்தில் தொடங்கி எதில் நிற்கிறது? சாலை மேடுபள்ளத்தில் கூடுகிறதா?

---

காற்றுக்குளிர்

என்னிடம் இருப்பது 1973 போர்ஷே 911. ஸ்டீயரிங் பற்றி மட்டும் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், ஏனென்றால் பழைய காரில் உண்மையிலேயே இழக்க மனம் வராத விஷயம் அது ஒன்றுதான் என்பது என் கட்சி.

நின்ற இடத்தில் திருப்பும்போது டயர் உருளாமல் தரையில் தேய்கிறது. தோள் வலிப்பது அதனால். ஆகவே முதல் பழக்கம், வண்டி ஒரு அடியாவது நகர்ந்துகொண்டிருக்கும்போதே திருப்புவது. ஓடும்போது நிலைமை வேறு. வளைவில் டயர் தரும் பக்கவிசை, தரையைத் தொடும் பகுதியின் நடுவில் செயல்படுவதில்லை, சற்றுப் பின்தள்ளிச் செயல்படுகிறது. அந்தச் சிறு தூரம்தான் ஸ்டீயரிங்கை நேராக்கப் பார்க்கும் கனமாக உங்கள் கைக்கு வருகிறது. வேகம் கூடினால் கனம் கூடும். டயரின் பிடி தீரத் தொடங்கும்போது அந்தத் தூரம் சுருங்கும், கனம் குறையும். கவனியுங்கள்: வழுக்கிய பிறகு அல்ல, அதற்கு முன்பே. ஈரச் சாலையில் கை லேசானால் காலைத் தளர்த்த வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று பொருள். யாரும் விளக்கு எரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

இன்றைய எலெக்ட்ரிக் பவர் ஸ்டீயரிங்கிலும் அதே இயற்பியல்தான். மோட்டாரும் கியரும் இடையில் நின்று வடிகட்டிவிடுகின்றன. 911 கூட 2011இல் வந்த தலைமுறையில் அதற்கு மாறியது. டயரும் மாறிவிட்டது. 1964இல் 911 விற்பனைக்கு வந்தபோது நான்கு சக்கரத்திலும் 165 மில்லிமீட்டர் அகல டயர். இன்றைய 911 சிலவற்றில் பின் டயர் 305. அகல டயர் கடைசிவரை இறுகப் பிடித்துச் சட்டென்று விடும். ஒடுங்கிய பழைய டயர் சீக்கிரமே நழுவத் தொடங்கும், ஆனால் மெல்ல நழுவும், சொல்லிக்கொண்டு நழுவும். உங்கள் எம்ஜிபிக்கு அகல டயர் போடச் சொல்லி யாராவது யோசனை தந்தால் கேட்காதீர்கள்.

என் வண்டியில் இன்னொரு சங்கதி மூக்கு. ஹீட்டருக்குத் தனி ஏற்பாடு இல்லை; எக்ஸாஸ்ட் குழாயைச் சுற்றிய கூட்டுக்குள் காற்றை அனுப்பி, சூடானதும் அதை உள்ளே விடுகிறார்கள். இன்ஜினில் எங்காவது ஒரு சொட்டு எண்ணெய் அந்தக் குழாயில் விழுந்தால், தரையில் கறை தெரிவதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிடும். எண்ணெய் அளவுகூட இன்ஜின் சூடாகி, சமதளத்தில், ஐட்லிங்கில் ஓடும்போதுதான் பார்க்க வேண்டும். தரையிலிருந்து முளைத்து நிற்கும் பெடல்களுக்குக் குதிகாலைப் பழக்குவது தனிக் கதை.

---

அமைதிப்பயணி

மன்னிக்கவும், கொஞ்சம் எதிர்ப்பாட்டு பாடுகிறேன். நான் மின்சாரக் கார் ஓட்டுபவன், பழைய கார்களைப் பார்க்கப் பிடிக்கும், அவ்வளவுதான்.

இந்த இழையில் தகவல் என்று சொல்லப்படுவதில் பாதி வெறும் கசிவு. பெட்ரோல் வாடை என்பது டேங்கில் இருக்க வேண்டியது மூக்குக்கு வந்தது. கியர் முனகல் என்பது சக்கரத்துக்குப் போக வேண்டிய சக்தி காதுக்குப் போனது. கால் பக்கச் சூடு என்பது தடுப்பு சரியில்லை என்பதற்குச் சான்று. இதையெல்லாம் பொறியாளர்கள் பல்லாண்டு உழைத்து அகற்றினார்கள். நீங்கள் அவற்றை உணர்வு என்று கொண்டாடுகிறீர்கள்.

ஸ்டீயரிங் விஷயத்தில் காற்றுக்குளிர் சொல்வது சரியாகவே இருக்கட்டும். ஆனால் நடு இரவில், எதிர்பாராமல், மழையில் வழுக்கும்போது எத்தனை பேரின் கை அந்தச் செய்தியைப் படிக்கும்? ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் ஒவ்வொரு சக்கரத்தையும் தனித்தனியே பிடித்துவிடும், எனக்குத் தெரிவதற்கு முன்பே.

வேகம் பற்றியும் ஒரு கேள்வி. எம்ஜிபிக்கு 95 குதிரைசக்தி. நின்ற நிலையிலிருந்து 100 கிலோமீட்டரைத் தொட 12, 13 விநாடி ஆகும். சாதாரணக் குடும்பக் கார் இன்று அதை முந்திவிடும். 80இல் போகும்போது 140இல் பறப்பதாக உங்களுக்குத் தோன்றுவது வண்டியின் திறமையா, முன்கண்ணாடி குட்டையாக இருப்பதாலா?

---

இரட்டைக்கிளட்ச்

கண்ணாடி குட்டையாக இருப்பதால்தான். அதில் என்ன குறை?

கண் தரைக்கு எவ்வளவு அருகில் இருக்கிறதோ அவ்வளவு வேகமாகச் சாலை ஓடிவருவதாகத் தோன்றும். உயரமான எஸ்யூவியில் 120 கூடச் சோம்பலாக இருக்கும். தாழ்ந்த காரில் 70 போதும். ஆபத்தில்லாத வேகத்தில் முழு ருசி கிடைக்கிறது என்றால் அதைக் கண்கட்டு வித்தை என்று திட்டத் தேவையில்லை.

கசிவு பற்றிச் சொன்னதை முழுக்க மறுக்க மாட்டேன். ஆனால் சில கசிவுகளை நம்பித்தான் வண்டியே ஓடும். நான் அதிகம் பழகியவை 1920களின் கார்கள். அவற்றின் கியர் பாக்ஸில் சின்க்ரோ என்ற பேச்சே இல்லை. மேல் கியருக்குப் போகும்போது நியூட்ரலில் நிறுத்தி இன்ஜின் சுழற்சி இறங்கக் காத்திருக்க வேண்டும். கீழ் கியருக்கு நியூட்ரலில் ஒரு மிதி மிதித்து ஏற்ற வேண்டும். எவ்வளவு இறங்கியது, எவ்வளவு ஏறியது என்பதைக் காதால் எடைபோடுவோம், மீட்டரைப் பார்க்க நேரமிருக்காது. பற்சக்கரங்களின் முனகல்தான் அங்கே வழிகாட்டி. அதை ஒலித்தடுப்பு போட்டு மூடினால் அடுத்த கியரே போட முடியாது.

இதில் இன்றைக்கு மட்டுமே உள்ள ஒரு தொல்லை: பக்கத்தில் ஒரு லாரி வந்துவிட்டால் என் இன்ஜின் எனக்கே கேட்காது. அப்போது உள்ளங்கையைக் கியர் தண்டில் வைத்து அதிர்வை வைத்துப் போடுவேன். அது ஓரளவுதான் உதவும். கடகட என்று பல் அரைபட்டு, பக்கத்து லாரிக்காரர் திரும்பிப் பார்ப்பதும் உண்டு.

அந்தக் காலத்து பென்ட்லி போன்ற சில கார்களில் ஆக்சிலேட்டர் நடுவில், பிரேக் வலது ஓரத்தில். சாவகாசமாக ஓட்டும்போது பழகிவிடும். மூளைக்குத் தெரியும், பயந்த காலுக்குத் தெரியாது. அவசரத்தில் கால் பழைய வழக்கப்படி நடுவே போகும், வண்டி நிற்பதற்குப் பதில் பாயும். இதே வாரத்தில் வேறு காரும் ஓட்டுபவர் என்றால் கிளம்புமுன் நின்ற இடத்திலேயே பெடல்களைச் சில முறை மிதித்துக் காலுக்கு நினைவூட்டுவது நல்லது. இக்னிஷன் அட்வான்ஸ் நெம்புகோலும் (தீப்பொறி வரும் நேரத்தை முன்பின் மாற்றுவது) ஸ்டீயரிங்கிலேயே இருக்கும். ஸ்டார்ட் செய்ய அதைத் தாமதப்பக்கம் வைத்துவிட்டு அப்படியே மறந்தால் இன்ஜின் மந்தமாக, உம்மென்று ஓடும். முன்னே தள்ளியதும் குரலே மாறும். அந்த மாற்றம் காதுக்குப் பழகிவிட்டால் டைமிங் சரியில்லாத எந்த வண்டியையும் தெருவில் போகும்போதே அடையாளம் கண்டுவிடலாம்.

---

காற்றுக்குளிர்

அமைதிப்பயணிக்கு: சத்தம் வேண்டாத கசிவுதான் என்றால், 2011இல் வந்த பிஎம்டபிள்யூ எம்5 தன் இன்ஜின் ஓசையை ஸ்பீக்கர் வழியாக உள்ளே ஒலிக்கவிட்டது ஏன்? அகற்றிய பிறகுதான் தேவைப்பட்டது தெரிந்திருக்கிறது.

ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். எல்லா ஓசையும் சமம் அல்ல. டிஃபரன்ஷியல் (சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரிக்கும் பற்சக்கரங்கள்) முனகலால் எனக்கு ஒரு பயனும் இல்லை. கார்புரேட்டர் காற்றை உறிஞ்சும் உறுமல் வேறு: பாதி மிதியில் ஒரு குரல், முழு மிதியில் ஒரு குரல். த்ராட்டில் எவ்வளவு திறந்திருக்கிறது என்று அதிலேயே தெரியும். ஸ்டெபிலிட்டி கன்ட்ரோலை நான் பழிக்கவில்லை, அது உயிர் காப்பது. என் காரில் அது இல்லாததால் மழையில் நான் காரை எடுப்பதில்லை. இது வாதம் அல்ல, வழக்கம்.

---

முதல்சாவி

கிரீஸ்கை அண்ணா, நீங்கள் கேட்டபடி கவனித்துப் பார்த்தேன். ஸ்டீயரிங் நடுக்கம் 85இல் தொடங்குகிறது, 100க்கு மேல் அடங்கிவிடுகிறது. அது வழவழப்பான சாலையிலும் உண்டு. அது தவிர இன்னொரு ஆட்டமும் இருக்கிறது என்று இப்போதுதான் பிரித்துப் பார்க்கத் தெரிந்தது: மேடுபள்ளத்தில் டாஷ்போர்டும் முன்கண்ணாடியும் சேர்ந்து ஒரு குலுக்கல் போடுகின்றன, கதவு இடுக்கில் கிறீச் சத்தம். கண்ணாடியில் உள்ள பின்காட்சி மங்கலாகிவிடுகிறது.

---

கிரீஸ்கை

நன்றாகப் பிரித்தீர்கள். இரண்டும் வெவ்வேறு.

குறிப்பிட்ட வேக வரம்பில் மட்டும் வருவது சக்கரத்தின் பேலன்ஸ். ஸ்போக் வீல் என்றால் கூடுதல் கவனம் வேண்டும். நடுத்துளையில் சரிவான உட்காரும் பரப்பு இருக்கும். அதற்கேற்ற கோன் போட்டுத்தான் பேலன்சிங் இயந்திரத்தில் ஏற்ற வேண்டும். சாதாரண கோனில் ஏற்றினால் சக்கரம் கோணலாக அமரும். இயந்திரம் சுழியம் காட்டும், சாலையில் நடுக்கம் அப்படியே இருக்கும். ஸ்போக்குகளைப் பேனாவால் தட்டிப் பாருங்கள். இறுகியது கணீர் என்னும், தளர்ந்தது சொத்தென்று ஒலிக்கும். ஒரே சக்கரத்தில் பல ஸ்போக் சொத்தென்றால் பேலன்சிங்குக்கு முன் சக்கரத்தையே சீர்செய்ய வேண்டும். முன்சக்கரத்தைத் தூக்கி ஆட்டிப் பார்க்கவும் மறக்காதீர்கள்: பேரிங், கிங்பின், ஸ்டீயரிங் ராடுகளின் முனைகள்.

மற்ற குலுக்கல் கூரையில்லாக் கார்களின் பிறவிக்குணம். கூரை இல்லாததால் உடல் முறுக்கிக்கொடுக்கும். பின்பக்கம் லீஃப் ஸ்பிரிங், ஒரே தண்டாக அச்சு, ஒரு சக்கரம் பள்ளத்தில் விழுந்தால் மறுபக்கமும் அசையும். கண்ணாடியில் பின்காட்சி கலங்கும் அளவு உங்கள் வருட வண்டிக்குச் சகஜம். கதவின் மேல் இடைவெளி ஒரு பக்கம் குறுகி வந்தால் மட்டும் கதவுக்குக் கீழே ஓடும் அடிச்சட்டப் பகுதியில் (sill) துரு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அது வண்டியின் முதுகெலும்பு.

ஸ்பீடோமீட்டர் முள் தள்ளாடினால் அதன் கேபிள் எங்கோ கூர்மையாக வளைந்திருக்கிறது. அவசரமில்லை.

---

மங்கல்விளக்கு

இண்டிகேட்டர் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லையே.

1966 வண்டியில் மின்சாரம் தயாரிப்பது ஆல்டர்னேட்டர் இல்லை, பழைய வகை டைனமோ. ஐட்லிங்கில் அது கிட்டத்தட்ட ஒன்றும் தராது. எல்லா மின்சாரமும் பேட்டரியிலிருந்து. இண்டிகேட்டரின் ஃபிளாஷர் யூனிட் வெப்பத்தால் வேலை செய்கிறது. மின்னோட்டம் ஒரு கம்பியைச் சூடாக்கும், கம்பி நீளும், தொடர்பு மாறும். வோல்டேஜ் குறைந்தால் சூடேற நேரமாகும், தாளம் தொய்யும். சிக்னலில் அது எவ்வளவு மெதுவாக அடிக்கிறது என்பதே உங்கள் பேட்டரி நிலவரம். ஹெட்லைட், வைப்பர், இண்டிகேட்டர் மூன்றையும் சேர்த்துப் போட்டு நின்றால் இண்டிகேட்டர் அடிக்காமலே நின்றுவிடும், அது பழுதில்லை.

சோம்பலைப் போக்க எல்இடி பல்ப் மாட்டலாம் என்று தோன்றும். எல்இடி இழுக்கும் மின்சாரம் அந்தக் கம்பியைச் சூடாக்கப் போதாது. ஃபிளாஷரையும் சேர்த்து எலெக்ட்ரானிக் வகைக்கு மாற்ற வேண்டும். உங்கள் வண்டி பாசிட்டிவ் எர்த் (பேட்டரியின் பாசிட்டிவ் முனை பாடியில் இணைந்தது) என்பதும் முக்கியம், யாரும் மாற்றாமல் இருந்தால். பொருந்தாத பல்ப் எரியாது, பொருந்தாத எலெக்ட்ரானிக் பொருள் புகைந்துவிடும். வாங்குமுன் எந்த முனை பாடியில் இணைந்திருக்கிறது என்று கண்ணால் பாருங்கள்.

இனி இரவு. இதுதான் பழைய காரை இன்று ஓட்டுவதில் மிகவும் மாறிப்போன அனுபவம் என்று எனக்குத் தோன்றுகிறது, வண்டி மாறாதபோதும். உங்கள் விளக்கு மங்கல் மஞ்சள். அந்தக் காலத்தில் எல்லோருக்கும் அதே மஞ்சள், கண் அதற்குப் பழகி இருட்டிலும் ஓரளவு பார்த்தது. இப்போது எதிரே வருவது வெள்ளை எல்இடி. அது கடந்தபின் சில விநாடி உங்கள் சாலையே இல்லாமல் போகும். பின்னால் வரும் எஸ்யூவியின் விளக்கு சரியாக உங்கள் கண்ணாடி உயரத்தில். தலை தாழ்ந்து உட்கார்ந்திருப்பதால் ஒளி நேராக முகத்தில் அடிக்கும். ஹெட்லைட்டுக்கு ரிலே (சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தை இயக்கும் சுவிட்ச்) போட்டுத் தடிமனான வயர் இழுப்பதே முதல் வேலை. பழைய சுவிட்ச் வழியாகப் போகும்போது வோல்டேஜ் வழியிலேயே கரைந்துவிடும். பல்பை மாற்றுவது அப்புறம்.

உங்கள் பிரேக் லைட்டும் சின்னது, தாழ்ந்தது. பின்னால் வருபவர் கண் கூரையோரத்தில் மூன்றாவது விளக்கைத் தேடும், உங்களிடம் அது இல்லை. சீக்கிரமே பெடலில் கால் வைத்து லேசாக மினுக்கிவிட்டு, அப்புறம் அழுத்துங்கள். முன்னால் போகிறவருக்கு ஏபிஎஸ் இருக்கும், உங்களைவிடச் சீக்கிரம் நிற்பார். இடைவெளி விடுங்கள். அந்த இடைவெளியில் இன்னொரு கார் நுழையும். மறுபடியும் விடுங்கள். இதற்குப் பொறுமையைத் தவிர உதிரிபாகம் கிடையாது.

---

ரப்பர்வளையம்

லோட்டஸ் எலான்காரன் ஒரு வரி சேர்க்கிறேன். 1962இல் வந்த இந்தக் காரின் எடை சுமார் 700 கிலோதான். பின்சக்கரத்துக்குச் சக்தி போகும் வழியில் ரப்பர் இணைப்புகள் உண்டு. கிளட்சை விட்டதும் அவை முதலில் முறுக்கிக்கொள்ளும், பிறகு விடும். வண்டி தயங்கித் தயங்கித் துள்ளும். புதிதாக ஓட்டுபவர் தனக்குக் கிளட்ச் போடத் தெரியவில்லை என்று நினைத்துவிடுவார். கிளட்சை முழுதாக விட்ட பிறகு ஆக்சிலேட்டரை மெல்லக் கூட்டினால் துள்ளல் மறையும். பலர் இதற்குப் பதிலாக ரப்பர் இல்லாத இணைப்புகளைப் போட்டுவிடுகிறார்கள். ஓட்ட எளிது, ஆனால் ஓட்டத்தில் இருந்த மென்மை கொஞ்சம் போய்விடும். நான் ரப்பரிலேயே இருக்கிறேன். அவற்றில் விரிசல் விழுந்திருக்கிறதா என்று அடியில் படுத்துப் பார்ப்பதும் என் வழக்கத்தில் சேர்ந்துவிட்டது.

---

கிரீஸ்கை

மூக்கைப் பற்றி இத்தனை பேசிவிட்டு முக்கியமான ஒன்றைச் சொல்லாமல் விடக்கூடாது. மூக்குக்குத் தெரியாத ஒன்று.

கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் இல்லாத கார்புரேட்டர் இன்ஜினின் ஐட்லிங் புகையில் கார்பன் மோனாக்சைடு சில சதவீதம் இருப்பது சாதாரணம். அதற்கு மணமும் நிறமும் இல்லை. நீங்கள் முகர்வது எரியாத பெட்ரோலை. கூரைத் துணியை மூடிக்கொண்டு, பக்கக் கண்ணாடியைக் கொஞ்சம் திறந்து ஓட்டினால், காருக்குப் பின்னால் உருவாகும் தாழ்வழுத்தம் புகையை முன்னோக்கி இழுக்கும்; டிக்கி ரப்பர், விளக்கு வயர் நுழையும் துளை, தரைத் துளை எங்கே வழி இருந்தாலும் உள்ளே வரும். துணி முழுக்க இறக்கியிருந்தாலும் முன்கண்ணாடிக்குப் பின்னால் காற்று சுழன்று பின்பக்கக் காற்றைத் தலைக்குக் கொண்டுவரும். நெடுநேரம் ஓட்டிவிட்டுத் தலைவலி வந்தால் வெயில் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நிறுத்தி இறங்கி, எக்ஸாஸ்ட் இணைப்பு ஒவ்வொன்றிலும் கரிக்கோடு இருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே ஒரு சிறிய மோனாக்சைடு அலாரம் வைத்துக்கொள்வதில் அழகு ஒன்றும் கெடாது.

கால் சூடுக்கும் இதே சோதனை பாதி விடை தரும். இன்ஜின் பக்கத் தடுப்புச் சுவரில் கேபிள் நுழையும் ரப்பர்கள் உதிர்ந்து போயிருந்தால் ரேடியேட்டர் காற்று நேராகக் காலுக்கு வரும். அப்புறம் ஹீட்டர் வால்வு. மூடிய நிலையிலும் அது வெந்நீரை விடுகிறதா என்று, இன்ஜின் ஓடும்போது சூடு ஏற ஏற ஹீட்டருக்குப் போகும் குழாயைக் கவனமாகத் தொட்டுப் பாருங்கள். இரண்டையும் சரிசெய்த பிறகு மிச்சமிருக்கும் சூடு கியர் பாக்ஸின் சுரங்கச் சூடு. அதை வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

---

அமைதிப்பயணி

மோனாக்சைடு பதிவு ஒன்றுக்காகவே இந்த இழையைச் சேமித்து வைக்கிறேன். கசிவு என்று நான் சொன்னதில் மாற்றமில்லை. ஆனால் இங்கே இருப்பவர்கள் கசிவுகளை ரசிப்பதோடு நிற்காமல் அவற்றைப் படிக்கவும் செய்கிறார்கள் என்பது தெரிகிறது. ஸ்பீக்கர் இன்ஜின் ஓசைக்கு என்னிடம் பதில் இல்லை. எனக்கும் அது பிடிக்காது.

---

முதல்சாவி

எல்லோருக்கும் நன்றி. பேலன்சிங்குக்குச் சரியான கோன் உள்ள இடத்தைத் தேடுகிறேன். கடைசியாக ஒரு சந்தேகம்: நெடுஞ்சாலையில் கூரை திறந்து ஓட்டினால் மாலையில் காதில் ஒரு இரைச்சல் தங்கிவிடுகிறது. காதடைப்பான் போடலாமா? போட்டால் நீங்கள் எல்லோரும் சொல்லும் இன்ஜின் செய்தியெல்லாம் போய்விடாதா?

---

இரட்டைக்கிளட்ச்

போடாதீர்கள். பழைய காரில் காதுதான் பாதி மீட்டர். அதற்குப் பதில் ஓவர்டிரைவைப் பயன்படுத்துங்கள். உங்கள் வண்டியில் மூன்றாவது, நான்காவது கியர்களில் அது வேலை செய்யும். 100 கிலோமீட்டரில் நான்காவதில் இன்ஜின் நிமிடத்துக்குச் சுமார் 3,450 முறை சுழலும். ஓவர்டிரைவ் போட்டால் 2,800 பக்கம் இறங்கும். அந்த ஒரு சுவிட்சில் குரல் சட்டென்று தணியும். இன்னும் தாழ்ந்து உட்கார்ந்து, பக்கக் கண்ணாடிகளை ஏற்றிவைத்தால் காற்று பாதி குறையும்.

---

காற்றுக்குளிர்

ஒத்துக்கொள்ள மாட்டேன். காதைக் களைப்பாக்குவது இன்ஜின் அல்ல, காற்று. மோட்டார் சைக்கிள்காரர்களைக் கேளுங்கள். நுரைக் காதடைப்பான் உயர்ந்த சுருதி ஓசைகளை அதிகம் வெட்டும், தாழ்ந்தவற்றைக் குறைவாக வெட்டும். காற்றின் சீறல் போகும், இன்ஜினின் அடிக்குரல் நிற்கும். மீதி இருக்கை வழியாகவும் வரும். நான் போட்டுத்தான் ஓட்டுகிறேன், கியர் எப்போது மாற்ற வேண்டும் என்பது இன்னும் தெளிவாகவே கேட்கிறது. சின்க்ரோ இல்லாத 1920களின் வண்டிக்கு இரட்டைக்கிளட்ச் சொல்வது பொருந்தலாம், 1966க்குத் தேவையில்லை.

---

கிரீஸ்கை

புதுச் சத்தங்களைப் படிக்கும்வரை காதடைப்பான் வேண்டாம், ஊருக்குள் ஓட்டும்போதும் வேண்டாம். நெடுஞ்சாலையில் நெடுநேரம் என்றால் போடுங்கள். சில இடங்களில் இரண்டு காதையும் அடைத்துக்கொண்டு ஓட்டுவது விதிக்கு எதிரானது, அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பேலன்சிங் முடிந்ததும் 85இல் என்ன ஆகிறது என்று எழுதுங்கள். அப்போதும் நடுங்கினால் டயர் வட்டமாக இருக்கிறதா என்று பார்க்கலாம்.